நாச்சிமுத்து போட்ட துண்டு

புதுவலசு என்ற கோளில் குடியேற விரும்புகிறவர்கள் முதலில் அங்கே ஒரு துண்டு போட்டு வைக்க வேண்டும். பேருந்தில் இடம் பிடிக்கப் போடுகிற அதே துண்டுதான். போட்ட பிறகு அந்த இடத்தில் வேறு யாரும் கை வைக்க முடியாது.

முதல் பதினோரு வருடம் குடியேற்றத் துறை வேறு வழிகளில் முயன்று பார்த்தது. எந்திரங்களை இறக்கி மண்ணைச் சூடாக்கினார்கள், பனியை உடைத்தார்கள், மூட்டை மூட்டையாக விதை தூவினார்கள். கோள் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் எந்திரம் ஓட்டப் போன ஒருவர், மத்தியானத் தூக்கத்துக்கு நிழலில் இடம் பிடிக்க ஈரத் துண்டைப் போட்டுவிட்டு, மறந்துபோய் ஊருக்கு வந்துவிட்டார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் துண்டுக்கு அடியில் பாசி. இன்னார் வரப்போகிறார் என்று தெரிந்தால்தான் அந்த மண் இளகும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. யாரோ எவரோ வருவார்கள், சும்மா கிட என்று சொன்னால் எந்த மண்தான் இளகும்?

அதன் பிறகு முப்பத்தெட்டாயிரம் பேர் துண்டு போட்டார்கள். குடியேற்றம் முந்நூறு வருடம் கழித்துத்தான். அதுவரை நாம் இருப்போமா என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார். இடம் பிடிக்க வந்தவர் வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்கலாமா என்று துறை திருப்பிக் கேட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

துண்டுகள் காயக் கூடாது. அதற்காகத் துறை ஆறு பெண்களை வேலைக்கு வைத்தது. அவர்களில் ஒருத்தி சாந்தாமணி. தினமும் காலை ஏழு பத்துக்குக் காங்கேயம் பேருந்து நிலையத்தில் புதுவலசு வண்டி ஏறுவாள். வண்டியின் கூரையில் தண்ணீர் டிரம்கள் வரும். துண்டுகளை ஒவ்வொன்றாக நனைத்து, லேசாகப் பிழிந்து, அதே இடத்தில் சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும். மாலை ஐந்து நாற்பதுக்குத் திரும்புகிற வண்டி.

புதுவலசில் காற்று முழங்கால் உயரம்தான். குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு அது தாராளமாகப் போதும். ஆறு பேருமே களையெடுத்துப் பழகியவர்கள் என்பதால் நிமிர வேண்டிய தேவையே வரவில்லை. நிமிராமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கோளுக்கு ஒரு சின்ன நிலா. பூசணிக்காய் அளவு இருக்கும். நிமிர்ந்து நிற்கிறவர்களின் நெற்றி உயரத்தில் ஒரு நாளைக்கு நாலு தடவை சுற்றி வரும். பெண்கள் அதன் நேரம் பார்த்துத்தான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பார்கள்.

சாந்தாமணியின் பகுதியில், ஒரு பாறைக்குப் பக்கத்தில், அவளுடைய துண்டும் இருந்தது. நீலக் கரை போட்ட ஈரிழைத் துண்டு. அதன் மேல் ஒரு சாண் ஏறிக்கொண்டு பச்சைக் கரைத் துண்டு ஒன்று கிடந்தது. அது அவள் கணவன் நாச்சிமுத்துவுடையது.

ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் இரண்டடி இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. கீழே இறங்கி, அளந்து போட வேண்டும். நாச்சிமுத்து இறங்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஓடுகிற பேருந்தின் ஜன்னல் வழியாகத் துண்டு வீசி இடம் பிடித்த கை அது. தேர்க்கூட்டத்தில் கூட மூன்றாவது வரிசை ஜன்னலோர இருக்கையை விட்டதில்லை. புதுவலசில் வண்டி நிற்பதற்குள் பழக்கதோஷத்தில் ஜன்னல் வழியாக இரண்டு துண்டையும் வீசிவிட்டான். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் விழுந்தன. "பாத்தியா, பக்கத்துப் பக்கத்துல" என்று பெருமையாக வேறு சொன்னான். சாந்தாமணி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சரி செய்யவில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, தன் தண்ணீர் லாரிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு வலித்தது. லாரி நிறைவதற்குள் அவன் போய்விட்டான். தண்ணீர் வெகு நேரம் வழிந்துகொண்டே இருந்ததாகச் சொன்னார்கள்.

இறந்தவர்களின் துண்டை எடுத்துவிட வேண்டும் என்பது ஏழாம் விதி. எடுத்து, மடித்து, வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு அந்த இடத்தைத் தர வேண்டும். அந்த வேலையும் சாந்தாமணியுடையதுதான். நாலு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் "வாங்க, போலாமுங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பாள். எடுத்த மறுநாள் அந்த இடத்துப் பாசி கருகிப்போயிருக்கும். வெள்ளகோவிலிலிருந்து ஒரு அம்மாள் வந்து, மகனுடைய துண்டை இன்னும் ஒரே ஒரு மாதம் விட்டு வைக்கச் சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சட்டம் எல்லார்த்துக்கும் ஒண்ணுதானுங்க" என்று சொல்லி, மடித்த துண்டை அந்தக் கையிலேயே வைத்தவள் சாந்தாமணி.

நாச்சிமுத்துவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றே அவள் வேலைக்கு வந்தாள். இறப்புச் சான்றிதழை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தாள். பச்சைக் கரைத் துண்டின் பக்கத்தில் குனிந்தாள். வாங்க, போலாமுங்க என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நனைத்துப் பிழிந்து விரித்தாள். அந்த நாளை இரண்டு வருடமாக வரவில்லை.

மத்தியானச் சாப்பாடு அந்தத் துண்டின் பக்கத்தில்தான். சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் சொல்வாள். யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் வந்தது, கொல்லை முருங்கை மரம் காற்றில் முறிந்து விழுந்தது, விழுந்த மரத்தின் கீரையை அவன் தங்கை ஒரு வார்த்தை கேட்காமல் அள்ளிக்கொண்டு போனது. பேசுவதற்குக் காற்று வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பேசினால் காற்று வரும் என்பது சாந்தாமணிக்கு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் காற்று உயர்ந்து உயர்ந்து, இப்போது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தே சாப்பிடலாம் என்ற அளவுக்கு வந்திருந்தது. யாரும் கேட்காததால் அவள் சொல்லவில்லை.

இப்படி இருக்கையில்தான் துறையின் தணிக்கை அதிகாரி எபனேசர் வந்து இறங்கினார். நாலு வருடத்தில் முதல் தணிக்கை. தெற்கே சாயர்புரத்துக்காரர். முப்பது வயதுதான் இருக்கும். அதிகாரி என்பதால் நிமிர்ந்து இறங்கினார். முதலில் நிலா வந்து நெற்றியில் இடித்தது. பிறகு மூச்சு முட்டியது. பெண்கள் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் குப்புறப் படுக்க வைத்தார்கள். அவர் படுத்த வாக்கிலேயே பேனாவைத் திறந்து, பதிவேட்டை முன்னால் தள்ளித் தள்ளி, முழங்கையால் ஊர்ந்து தணிக்கையைத் தொடங்கினார்.

தணிக்கை எளிமையானது. ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் "ஆள் இருக்கா?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். பக்கத்துத் துண்டுக்காரரோ, பகுதிப் பொறுப்பாளரோ "ஆள் வருது" என்று பதில் சொல்ல வேண்டும். சொன்னால் இடம் நிலைக்கும். பேருந்தில் நடப்பதும் இதுதான். ஒரே வித்தியாசம், இங்கே பொய் சொல்லக் கூடாது. பொய் சொன்னால் மண்ணுக்குத் தெரிந்துவிடும், அப்புறம் சுற்றுவட்டாரத்தில் ஒன்றும் முளைக்காது.

காலை முழுக்க சாந்தாமணி பின்னாலேயே குனிந்து போய், "வருதுங்க, வருதுங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பாறை நெருங்க நெருங்க அவள் பின்தங்கினாள். நாச்சிமுத்துவை எரித்த இடத்தில் இப்போது யார் யாரையோ எரித்திருப்பார்கள். வீட்டில் அவன் சட்டைகளைத் தங்கை பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். லாரி வேறு ஒருவருடையது. உலகத்தில் அவன் பெயருக்கு என்று மிச்சம் இருந்தது அந்த ஆறு சாண் இடம்தான், அதுவும் இந்த உலகத்தில் இல்லை. அதையும் தன் வாயாலேயே கொடுத்துவிட வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

எபனேசர் பச்சைக் கரைத் துண்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கே தலையைத் தூக்கிப் பார்த்தார். மூச்சு வந்தது. எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இங்கன காத்து நல்லா இருக்கேக்கா."

"இருக்குதுங்க சார்."

அவர் பதிவேட்டில் பக்கத்தைப் புரட்டி, "நாச்சிமுத்து. ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

வருதுங்க என்று சொல்ல சாந்தாமணி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து ஆயிரம் தடவை சொன்ன சொல். இன்னும் ஒரே ஒரு தடவை சொன்னால் மண்ணைத் தவிர யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் வெள்ளகோவில் அம்மாளின் கை அவள் நினைவுக்கு வந்தது. அவள் சாப்பாட்டுப் பையைத் திறந்து, இரண்டு வருடமாக மடிப்பிலேயே இருந்து கிழியும் பதத்துக்கு வந்துவிட்ட சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள்.

"ஆள் இல்லீங்க சார். ரெண்டு வருசமாச்சுங்க."

எபனேசர் அதைப் பிரித்துப் படித்தார். தேதியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்பமே எடுத்திருக்கணும்லாக்கா?"

"கை வரலீங்க."

அவர் பேனாவை மூடினார். பிறகு துண்டின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தார். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த அந்த ஒரு சாண் பகுதியில், பாசி இரண்டு துண்டையும் சேர்த்துத் தைத்திருந்தது. பச்சைக் கரையை இழுத்தால் நீலக் கரையும் கூடவே வந்தது.

"இத எடுத்தா உங்க துண்டும் வந்துருமேக்கா. உங்களுக்கும் இடம் போயிரும்."

"போகட்டுங்க சார்" என்றாள் சாந்தாமணி. அதை அவள் மனதாரத்தான் சொன்னாள். பக்கத்தில் அவன் இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்து என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"நான் மூணு வாட்டி கேட்டு எழுதணும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் எபனேசர். இரண்டாம் முறை குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஆள் இருக்கா?"

நிலா அவர்களைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போனது. அது போய் முடியும் வரை காத்திருந்துவிட்டு, மூன்றாம் முறை கேட்டார்.

"ஆள் இருக்கா?"

"இருக்கறனுங்க" என்றது துண்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

சாந்தாமணியைப் போலவே ஊர்ப்பேச்சு, அதே இழுப்பு. பேச்சு என்று அது கேட்டதெல்லாம் அவளிடமிருந்துதானே. எபனேசர் பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

"புதுவலசுங்க."

"வயசு?"

"நானூறு கோடி இருக்குமுங்க."

அவர் மேஜர் என்று எழுதிக்கொண்டார். "எப்பமிருந்து இந்த இடத்துல இருக்கீங்க?"

"அம்மிணி அந்தப் பதினாறாம் நாளு வந்து பேசுனாங்க. கேக்கறதுக்கு இங்க ஆருமில்லீங்க. பேசறவியளுக்கு எதுக்க ஒரு ஆளு வேணுமில்லீங்களா. செரின்னு நானு உக்காந்துட்டனுங்க" என்றது கோள்.

சாந்தாமணிக்கு முதலில் வந்தது வெட்கம்தான். இரண்டு வருடமாக என்னவெல்லாம் சொல்லியிருக்கிறாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "முருங்கைக்கீரை சமாச்சாரத்தையுமா கேட்டுக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"கேட்டனுங்க. நாத்தனாரு பண்ணுனது தப்புதானுங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கோணும்."

அந்த ஒரு வார்த்தையைத்தான் இரண்டு வருடமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவள் காத்திருந்தாள். சாந்தாமணி அழ ஆரம்பித்தாள். நன்றாக, சத்தமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். நாச்சிமுத்து போன அன்றைக்குக் கூட அப்படி அழ முடியவில்லை, வந்தவர்களுக்குக் காப்பி போட ஆள் இல்லாமல் இருந்தது. எபனேசர் பதிவேட்டில் கோடு போடுவதுபோலக் குனிந்துகொண்டார். கோள் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பழக்கம்தான்.

அழுகை அடங்கியதும் எபனேசர் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். ஒரு கோள் தன் மேலேயே இடம் பிடிக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. ஆனால் ஒருவர் துண்டில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பது செல்லாது. "உங்களுக்குன்னு தனியா துண்டு இருக்கா?" என்று கேட்டார்.

"நெய்து வெச்சிருக்கறனுங்க" என்றது கோள்.

சாந்தாமணி பச்சைக் கரைத் துண்டைப் பிடித்தாள். "வாங்க, போலாமுங்க" என்றாள். இந்த முறை சொல்ல முடிந்தது. துண்டு தையல் விட்டுத் தனியாக வந்தது. அதற்கு அடியில், அதே நீளத்தில், அதே அகலத்தில், பாசியாலான ஒரு துண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கரும்பச்சையில் கரை கூட ஓடியிருந்தது. நீலக் கரைத் துண்டின் மேல் ஒரு சாண் ஏறித்தான் இருந்தது. அந்த இரண்டடி விதியைப் பற்றி எபனேசர் ஒன்றும் கேட்கவில்லை. புதுவலசு என்று பெயர் எழுதி, முகவரி என்ற இடத்தில் இதே இடம் என்று எழுதி, அடுத்த துண்டுக்கு ஊர்ந்து போனார்.

சாந்தாமணி கணவனின் துண்டை மடித்தாள். சான்றிதழை அதற்குள் வைத்தாள். துண்டில் இப்போது அவன் வாசனை இல்லை. மழை விழுந்த கொல்லையின் வாசனைதான் இருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

"ஏனுங்க அம்மிணி" என்றது கோள். "அந்த முருங்கை மறுக்காத் தழைஞ்சிருச்சுங்களா? போன வாரம் மொளைக்குதுன்னு சொன்னீங்க. அப்பறம் ஒண்ணுமே சொல்லலீங்க."

"ஒரு முழம் வந்திருக்குதுங்க. இன்னிக்கு நீங்களே வந்து பாருங்களேன்."

கோள் கொஞ்சம் யோசித்தது. "எடத்த உட்டுட்டு எப்பிடிங்க வாரது?"

"அதான் துண்டு போட்டிருக்கறீங்கல்ல" என்றாள் சாந்தாமணி. "ஆரு எடுக்கப் போறாங்க?"

அது சரிதான் என்று கோளுக்கும் பட்டது.

ஐந்து நாற்பதுக்கு வண்டி வந்தது. புதுவலசில் ஏறுகிற கூட்டம் என்றால் ஆறு பெண்களும் எபனேசரும்தான். ஆனாலும் சாந்தாமணி வண்டி நிற்பதற்குள் கூடவே குனிந்து ஓடி, நாச்சிமுத்துவின் துண்டை ஜன்னல் வழியாக வீசினாள். வாழ்க்கையில் முதல் முறை. அது மூன்றாவது வரிசையில், ஜன்னலோர இருக்கையில், விரித்து வைத்ததுபோல விழுந்தது. மற்ற பெண்கள் கைதட்டினார்கள்.

அவள் ஏறி, துண்டுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். நெற்றியில் வீக்கத்தோடு கடைசியாக ஏறிய எபனேசர், துண்டு கிடந்த இருக்கையைக் காட்டி, "ஆள் இருக்காக்கா?" என்று கேட்டார். தணிக்கைக்கு இல்லை, உட்காரத்தான்.

"ஆள் வருதுங்க சார்" என்றாள் சாந்தாமணி.

அவர் தலையாட்டிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். வண்டி ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, பிறகு நேரானது. துண்டு போட்ட இருக்கை மெல்ல அமுங்கியது. ஈர மண் வாசனை வந்தது. நடத்துநர் மயில்சாமி வந்து, கேட்காமலேயே காங்கேயத்துக்கு இரண்டு சீட்டு கிழித்துக் கொடுத்தார். அடுத்த இருக்கைக்குப் போகப் பார்த்தவர், வழி இல்லாமல் நின்றார்.

"அம்மிணி, அந்த நெலாவச் சித்த மடியில வெச்சுக்குங்க. நடக்கற வழியில நிக்குது, ஏறி எறங்கறவியளுக்கு இடிக்குமல்லோ."

"குடுங்க" என்று சாந்தாமணி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது சில்லென்று இருந்தது. அவள் முந்தானையால் அதைப் போர்த்திவிட்டு, குளிர்காற்று அடிக்காமல் இருக்க எட்டி ஜன்னலைப் பாதி இறக்கிவிட்டாள்.